ஐம்பத்தைந்தாவது நகர்வு: ஒரு சதுரங்க ஆட்டத்தின் பற்று வரவு

ஒரு வியாபாரி நொடித்துப் போனால் ஊரார் கடைசியாக நடந்த ஒரே காரியத்தைத்தான் சொல்வார்கள். "அந்த லோடு எடுத்தார், போயிற்று" என்பார்கள். அந்த லோடுக்கு முன் ஆறு மாதமாக நடந்த கொள்முதலையும், கொடுத்த கடனையும், கட்டிய வட்டியையும் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. லாபம் வந்தாலும் இதே கதைதான். "யோகம் அடித்தது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்த உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தைப் பற்றியும் கடைவீதியில் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், சீனாவின் டிங் லிரெனை வென்று பட்டத்தைப் பெற்றார். "டிங் ஒரு நகர்வில் தப்புச் செய்தார், பையனுக்கு அதிர்ஷ்டம்" என்பது பொதுப் பேச்சு.

தப்பு நடந்தது உண்மை. ஆனால் அந்த ஆட்டத்தின் 58 நகர்வுகளையும் பலகையில் காய் வைத்து நகர்த்திப் பார்த்தால், 55-ஆம் நகர்வில் வெளிப்பட்ட அந்தத் தப்புக்கு 29-ஆம் நகர்விலேயே முன்பணம் கட்டப்பட்டிருப்பது தெரிகிறது. வெற்றியும் அப்படித்தான், தவணை தவணையாகச் சேர்ந்தது. நம்முடைய தொழிலில் கணக்கு முடிக்கும் நேரத்தில் நடப்பவற்றுக்கும் இதற்கும் நெருங்கிய ஒற்றுமை இருப்பதால், நமது உறுப்பினர்களுக்கு இதை விளக்கலாம் என்று எண்ணுகிறோம். காய்கள் நகரும் விதம் தெரிந்திருந்தால் போதும், தொடர்ந்து படிக்கலாம்.

போட்டியின் நிலவரம்

போட்டி மொத்தம் 14 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்தில் வென்றால் 1 புள்ளி, சமன் செய்தால் ஆளுக்கு அரைப் புள்ளி. முதலில் 7½ புள்ளி எடுப்பவருக்குப் பட்டம். பரிசுத் தொகை 25 லட்சம் அமெரிக்க டாலர். ஒவ்வொரு வெற்றிக்கும் 2 லட்சம் டாலர், மீதியை இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் ஆட்டத்தில் டிங் வென்றார். மூன்றாவது ஆட்டத்தில் குகேஷ் வென்றார். அதன் பின் 4 முதல் 10 வரை ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து சமன். பதினொன்றாவது ஆட்டத்தில் டிங் தமது ராணியைத் தவறான கட்டத்துக்கு நகர்த்திவிட, குகேஷ் அடுத்த நகர்விலேயே ஒரு காயை அடித்தார், டிங் அத்துடன் விட்டுக்கொடுத்தார். அதற்கு அடுத்த ஆட்டத்திலேயே டிங் மிக நேர்த்தியாக ஆடி வென்று கணக்கைச் சரி செய்தார். பதின்மூன்றாவது ஆட்டத்தில் நெருக்கடியிலிருந்து தப்பிச் சமன் செய்தார். ஆக, கடைசி ஆட்டத்துக்கு உட்காரும்போது இருவரிடமும் 6½ புள்ளிகள்.

டிங்கைச் சாதாரண ஆட்டக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. 2023 ஏப்ரலில் கசாக்ஸ்தானின் அஸ்தானா நகரில் ரஷ்யாவின் நெபோம்னியாஷியை வென்று உலக சாம்பியன் ஆனவர் அவர். அந்தப் போட்டியும் 14 ஆட்டங்களில் முடிவாகாமல், கூடுதலாக நடந்த விரைவு ஆட்டங்களில்தான் தீர்ந்தது. பட்டம் பெற்ற பின் மனச்சோர்வால் அவதிப்பட்டதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அதிகம் ஆடவும் இல்லை. சிங்கப்பூர் போட்டி தொடங்கும்போது உலக வரிசையில் குகேஷ் 5-ஆம் இடத்திலும் டிங் 23-ஆம் இடத்திலும் இருந்தார்கள்.

பதினான்காவது ஆட்டமும் சமன் ஆனால் மறுநாள் விரைவு ஆட்டங்கள். அந்த வகை ஆட்டத்தில் டிங்குக்கு அனுபவம் அதிகம் என்பது பலருடைய கணிப்பு. ஆகவே டிங்குக்குக் கடைசி ஆட்டம் சமனாக முடிந்தால் குறைவில்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்ததெல்லாம் விளங்கும்.

முதல் தவணை: கையிலிருந்த சிப்பாய்

டிங்குக்கு வெள்ளைக் காய்கள், குகேஷுக்குக் கறுப்பு. வெள்ளை முதலில் ஆடுவதால் சிறிது முந்துரிமை உண்டு. ஆட்டம் 27 நகர்வு வரை ஏறத்தாழ சரிசமமாகவே போயிற்று. குதிரைகள் நான்கும், ஆளுக்கொரு மந்திரியும் மாற்றிக்கொள்ளப்பட்டன. மந்திரி என்று நாம் இங்கே சொல்வது குறுக்காகச் செல்லும் காயை, யானை என்பது நேராகச் செல்லும் மூலைக் காயை. 27-ஆம் நகர்வு முடிந்தபோது இருவரிடமும் ராணி, இரண்டு யானைகள், ஒரு மந்திரி, மூன்று சிப்பாய்கள். பற்றும் வரவும் சரி.

டிங்கின் மூன்று சிப்பாய்களில் ஒன்று பலகையின் இடப்பக்கம் தனியாக நின்றது. அதன் பாதையில் எதிரிச் சிப்பாய் எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட சிப்பாய் கடைசி வரிசை வரை போனால் ராணியாகிவிடும் என்பதால் அது மதிப்புள்ள சொத்து. அதே சமயம் அதன்மேல் கறுப்பு ராணி, யானை, மந்திரி மூன்றின் நெருக்குதலும் இருந்தது.

29-ஆம் நகர்வில் டிங் அந்தச் சிப்பாயைக் காத்து நிற்க முயலாமல், தாமே ஒரு கட்டம் முன்னே தள்ளிக் கொடுத்தார். குகேஷ் ராணியால் அடித்தார். உடனே ராணிகள் மாறின. தொடர்ந்து ஒரு ஜோடி யானைகளும் மாறின. 32-ஆம் நகர்வு முடிவில் பலகையில் மிஞ்சியது இவ்வளவுதான்: ஆளுக்கு ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி. டிங்கிடம் இரண்டு சிப்பாய், குகேஷிடம் மூன்று. எல்லாச் சிப்பாய்களும் வலப்பக்கத்திலேயே.

இதைப் படு தவறு என்று சொல்ல முடியாது. சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும்போது ஒரு சிப்பாய் குறைவாக உள்ளவர் பெரும்பாலும் சமன் செய்துவிடலாம் என்பது சதுரங்க நூல்கள் கூறும் பாடம். டிங்கும் அதை அறிந்தே செய்தார். ஒரு சிப்பாயை விலையாகக் கொடுத்துத் தலைவலியைக் குறைத்துக்கொண்டார் என்று சொல்லலாம். நாமும் தேங்கிய சரக்கை அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிட்டு, "இடமாவது மிஞ்சியது" என்று பெருமூச்சு விடுவதில்லையா, அது போல.

ஆனால் அந்த விலைக்குப் பின்னால் இன்னொரு செலவு மறைந்திருந்தது. சிப்பாய் குறைந்த பிறகு டிங் வெல்வதற்கு வழியே இல்லை. அவருக்கு இனி உள்ளவை இரண்டே முடிவுகள், சமன் அல்லது தோல்வி. குகேஷுக்கும் இரண்டு முடிவுகள், சமன் அல்லது வெற்றி. எதிரிக்கு நஷ்டமே வராத ஒரு வியாபாரத்தை டிங் தம் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

செலவில்லாத காத்திருப்பு

இங்கிருந்து குகேஷ் ஆடியதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பல ஆட்டக்காரர்கள் இந்த இடத்தில் நாலைந்து நகர்வு பார்த்துவிட்டுக் கைகுலுக்கிப் போய்விடுவார்கள். குகேஷ் உட்கார்ந்தார். யானையைப் பின்னால் அனுப்பி வெள்ளை ராஜாவுக்கு ஒரு முறை முற்றுகை காட்டினார். மந்திரியை ஒரு கட்டம் இப்படி, ஒரு கட்டம் அப்படி வைத்துப் பார்த்தார். வலப்பக்கச் சிப்பாய்களை ஒவ்வொன்றாக முன்னே நகர்த்தினார். ராஜாவை நடுவுக்குக் கொண்டுவந்தார். இவற்றில் எதுவும் அபாயம் உள்ள நகர்வு இல்லை. எதிரியை ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கும் நகர்வுகள், அவ்வளவுதான்.

டிங் 45-ஆம் நகர்வில் சிப்பாயைத் தள்ளி ஒரு ஜோடிச் சிப்பாய்களை மாற்றிக்கொண்டார். இது சரியான தற்காப்பு. சிப்பாய்கள் குறையக் குறையச் சமன் செய்வது எளிது. இப்போது குகேஷிடம் இரண்டு, டிங்கிடம் ஒன்று.

இந்த இடத்தில் கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் 40 நகர்வுகளுக்கு ஆளுக்கு 2 மணி நேரம். அதன் பின் 30 நிமிடம் கூடும். 41-ஆம் நகர்விலிருந்து ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி சேரும். 55-ஆம் நகர்வு வந்தபோது டிங்கின் கையில் சுமார் பத்து நிமிடம்தான் மிச்சம். குகேஷிடம் அதைப் போலப் பல மடங்கு இருந்தது.

வட்டிக்கு வாங்கிச் சரக்கு எடுத்தவரும், சொந்த முதலில் சரக்கு எடுத்தவரும் ஒரே நாளில் ஒரே விலைக்கு மிளகாய் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை கொஞ்சம் இறங்கினால் யார் முதலில் விற்பார் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. சரக்கு ஒன்றுதான், விலை ஒன்றுதான். காத்திருக்கும் சக்தியில்தான் வித்தியாசம். சதுரங்கத்தில் கடிகாரம்தான் வட்டி. டிங்குக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

மூலையில் நின்ற மந்திரி

53-ஆம் நகர்வில் டிங் தம் மந்திரியைப் பலகையின் இடப்பக்க மேல்மூலைக்கு நகர்த்தினார். கட்டங்களுக்குப் பெயர் வைக்கும் முறைப்படி அது ஏ8. இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று எச் வரை நெடுவரிசைகள், கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை குறுக்கு வரிசைகள்.

இந்த நகர்வாலும் ஆட்டம் கெட்டுவிடவில்லை, சமநிலை அப்படியே இருந்தது. ஆனால் மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு பாதைதான் உண்டு. நடுவில் நிற்கும் மந்திரிக்கு நான்கு திசையிலும் வழி உண்டு. ஓரத்தில் நின்றால்கூட இரண்டு. மூலையில் ஒன்றே ஒன்று. அந்த ஒரு பாதையை எதிரி மறித்தால் ஒதுங்க இடமில்லை.

இன்னொரு விஷயம், இருவருடைய மந்திரிகளும் ஒரே நிறக் கட்டங்களில், அதாவது வெள்ளைக் கட்டங்களில் நடப்பவை. வெவ்வேறு நிறத்தில் நடப்பவையாக இருந்தால் ஒன்றையொன்று தொடவே முடியாது. இங்கே தொட முடியும், மாற்றிக்கொள்ளவும் முடியும்.

54-ஆம் நகர்வில் டிங் யானையை எஃப்4-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் தம் ராஜாவை நடுக்கட்டமான இ5-க்கு நகர்த்தி அந்த யானையை உரசிக்கொண்டு நிறுத்தினார். பார்வைக்கு யானையை விரட்டுவது போலத் தெரியும். உண்மையில் யானை ஜி3 சிப்பாயின் காவலில் இருந்தது, ராஜாவால் அதைத் தொட முடியாது. அப்படியென்றால் அந்த நகர்வின் பயன் என்ன? இ5-ல் ராஜா நின்றால் பக்கத்துக் கட்டமான டி5-க்குக் காவல் கிடைக்கிறது. டி5 எங்கே இருக்கிறது? மூலை மந்திரியின் ஒரே பாதையின் நடுவில். இப்போது கறுப்பு மந்திரி இ6-ல், கறுப்பு ராஜா இ5-ல், கறுப்பு யானை வெள்ளையின் இரண்டாம் வரிசையில் பி2-ல். மூன்றும் தத்தம் இடத்தில் நின்றுவிட்டன. பொறி வைத்தாயிற்று என்று அடித்துச் சொல்ல மாட்டோம். பொறி அமையக்கூடிய இடத்தில் எல்லாக் காயும் நின்றன என்று சொன்னால் தவறில்லை.

தப்பு

இந்த நிலையில் டிங் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மந்திரியை மூலையிலிருந்து வெளியே எடுத்திருக்கலாம். அல்லது யானையை நான்காம் வரிசையிலேயே ஏ4-க்கு நகர்த்தி எட்ட நின்றிருக்கலாம். சமநிலை தொடர்ந்திருக்கும், இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

அவர் 55-ஆம் நகர்வாக யானையை எஃப்2-க்குப் பின்வாங்கினார். கறுப்பு யானைக்கு எதிரே வைத்து, "மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் நகர்வு அது. யானைகள் மாறினால் இருவரிடமும் ஒரு மந்திரிதான் மிஞ்சும், அந்த அளவில் ஒரு சிப்பாய் குறைவைத் தாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு பார்வைக்குச் சரியாகவே இருக்கிறது.

குகேஷ் யானையை அடித்தார். டிங் ராஜாவால் திருப்பி அடித்தார். குகேஷ் மந்திரியை டி5-ல் வைத்தார். அதோடு கணக்கு முடிந்தது. மூலை மந்திரி எங்கே போனாலும் அதே பாதையில்தான் போக வேண்டும், போகிற இடத்தில் அடிபடும். மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. டிங் டி5-ல் அடிக்க, இ5-ல் தயாராக நின்ற கறுப்பு ராஜா திருப்பி அடித்தார். இப்போது பலகையில் ராஜாக்களும் மூன்று சிப்பாய்களும் மட்டும்.

58-ஆம் நகர்வில் வெள்ளை ராஜா இ3-க்கு வர, கறுப்பு ராஜா இ5-ல் வந்து நேர் எதிரே நின்றார். நடுவில் ஒரே கட்டம். ஆட வேண்டிய முறை வெள்ளைக்கு. வெள்ளையின் ஒரே சிப்பாய் ஜி3-ல், எதிரே ஜி4-ல் கறுப்புச் சிப்பாய் மறித்து நிற்கிறது, அசைய முடியாது. ஆகவே வெள்ளை ராஜாவே ஒதுங்கியாக வேண்டும். அவர் ஒரு பக்கம் ஒதுங்கினால் கறுப்பு ராஜா மறுபக்கம் உள்ளே நுழைகிறார், அல்லது சிப்பாய் முன்னேறி வழி திறக்கிறது. எப்படியும் கறுப்பின் ஒரு சிப்பாய் ராணியாகிவிடும். டிங் விட்டுக்கொடுத்தார்.

மாற்றிக்கொள்ளும்போது எது போகிறது என்று பார்த்தார், எது மிஞ்சுகிறது என்று பார்க்கவில்லை. ஐம்பத்தைந்தாவது நகர்வின் தப்பு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். யானைகள் போவதைப் பார்த்தார். மிஞ்சுகிற மந்திரி மூலையில் நிற்கிறது என்பதை மறந்தார்.

அடுத்தவர் தப்பைக் காண்பதும் உழைப்பே

யோகம் என்று சொல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிங் அந்த நகர்வை ஆடியதும் தாமும் உடனே அதைத் தப்பு என்று உணரவில்லை என்று ஆட்டம் முடிந்தபின் குகேஷே கூறினார். பழக்கத்தில் யானையை வேறு கட்டத்துக்கு நகர்த்திக் காத்திருந்தால், வந்த வாய்ப்பு சந்தடியில்லாமல் போயிருக்கும். அவர் நிதானித்துப் பார்த்தார். மந்திரி சிக்குவதையும், பின்னால் வரும் ராஜா-சிப்பாய் ஆட்டம் வெற்றி என்பதையும் கணக்குப் போட்ட பிறகே யானையை அடித்தார்.

நமக்கும் இது தெரிந்ததுதான். சந்தையில் ஒருவர் விலையைத் தவறாகச் சொல்லிவிட்டால், அது தவறு என்று தெரிந்துகொள்ள அன்றைய விலை நிலவரம் நம் விரல் நுனியில் இருக்க வேண்டும். தூங்கி வழிபவனுக்கு எதிரியின் தப்பும் தெரியாது.

இந்தத் தப்பைப் பார்த்து முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் கடுமையாகக் குறை கூறினார். உலகப் பட்டம் இப்படித் தீர்மானமாகலாமா என்று பலரும் வருத்தப்பட்டார்கள். அவர்கள் பெரியவர்கள், ஆட்டத்தை அறிந்தவர்கள். இருந்தாலும் நமக்குத் தோன்றுவது இது. பலகையில் சில காய்கள் மட்டும் இருக்கும் அந்த நிலையைக் காலையில் காப்பி குடித்துவிட்டுப் பார்த்தால் எவருக்கும் தெரியும். வாரக்கணக்கில் ஆடிக் களைத்து, கையில் பத்து நிமிடத்தோடு, "எப்படியாவது இதை முடித்தால் போதும்" என்ற நினைப்போடு பார்க்கும்போதுதான் தெரியாமல் போகிறது. அறிவு குறைந்ததால் வந்த தப்பாக நமக்கு இது படவில்லை. முடித்துவிட வேண்டும் என்ற ஆசையால் வந்த தப்பு. 29-ஆம் நகர்வில் சிப்பாயைக் கொடுக்க வைத்த அதே ஆசைதான் 55-ஆம் நகர்வில் யானையைக் கொடுக்க வைத்தது. முதல் முறை ஒரு சிப்பாய் செலவாயிற்று. இரண்டாம் முறை பட்டமே போயிற்று.

நமது வீதியில்

நமது வீதியில் பல ஆண்டுகளுக்கு முன் இரண்டு கூட்டாளிகள் பிரிந்தார்கள். பெயர் வேண்டாம். பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல், மூத்தவர் சலித்துப்போய், "சரக்கை நீ எடுத்துக்கொள், நிலுவைப் பேரேட்டை நான் எடுத்துக்கொள்கிறேன், கையெழுத்துப் போடுவோம்" என்றார். தொகை இரண்டும் ஏறத்தாழ சமம், ஆகவே ஒப்பந்தம் நியாயமாகவே தெரிந்தது. பேரேட்டில் இருந்த நிலுவையில் பெரும் பகுதி ஒரே ஒரு வெளியூர்க் கடையின் பெயரில் இருந்ததை அந்த இரவில் அவர் எடுத்துப் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் அந்தக் கடை மூடியது. மூலையில் நின்ற மந்திரி என்றால் அதுதான். ஒரே பாதை, அதையும் மறித்தாயிற்று.

ஆகவே இந்த ஆட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாக வரிசைப்படுத்துகிறோம்.

ஒன்று: எதை மாற்றிக்கொண்டாலும், கணக்கைத் தீர்த்தாலும், கையை விட்டுப் போவதை எண்ணுவதற்கு முன் கையில் மிஞ்சுவதை எண்ணுக. மிஞ்சுவது எங்கே நிற்கிறது, அதற்கு எத்தனை வழி இருக்கிறது என்று பார்க்க.

இரண்டு: ஒரே வாடிக்கையாளர், ஒரே லாரி ஆபீஸ், ஒரே கொள்முதல் இடம் என்று நம்பி நிற்கும் சரக்கு மூலைக் காய். நெருக்கடி இல்லாத நாளிலேயே அதற்கு இரண்டாவது வழி தேடி வைக்க.

மூன்று: நிம்மதிக்காகச் சிறு நஷ்டத்தை ஏற்பது சில நேரம் சரி. ஆனால் அதற்குப் பின் எதிரிக்கு நஷ்டமே இல்லை, நமக்கு லாபமே இல்லை என்ற நிலை வருமானால், அந்த நிம்மதிக்கு விலை அதிகம்.

நான்கு: செலவில்லாமல் காத்திருக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் அவசரப்படத் தேவையில்லை. சின்னச் சின்ன நகர்வுகளால் தம் நிலையைச் சீர்படுத்திக்கொண்டே இருக்கலாம். வாய்ப்பு எந்த நாளில் வரும் என்று தெரியாது, வரும் நாளில் காய்கள் இடத்தில் இருக்க வேண்டும்.

ஐந்து: திரும்பப் பெற முடியாத முடிவைக் கடை அடைக்கும் நேரத்தில் எடுக்க வேண்டாம். சதுரங்கத்தில் கடிகாரம் விடாது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "காலையில் சொல்கிறேன்" என்ற இரண்டு வார்த்தை நமக்கு உண்டு.

கணக்கு முடிந்த பின்

போட்டி 7½க்கு 6½ என்று முடிந்தது. மூன்று வெற்றி பெற்ற குகேஷுக்கு 13½ லட்சம் டாலர், இரண்டு வெற்றி பெற்ற டிங்குக்கு 11½ லட்சம் டாலர். உலக சாம்பியன் வரிசையில் குகேஷ் 18-ஆவது. 1985-இல் காஸ்பரோவ் 22 வயதில் பட்டம் பெற்றதே அதுவரை இளவயதுச் சாதனையாக இருந்தது. 2013 நவம்பரில் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்த் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்த போட்டியை ஏழு வயதுச் சிறுவனாகப் பார்த்தவர் இவர். பதினோரு ஆண்டு கழித்துப் பட்டத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அழுகை வந்த நிலையிலும் குகேஷ் பலகையில் காய்களையெல்லாம் பழையபடி வரிசையாக அடுக்கி வைத்தார். கல்லாவைப் பூட்டுவதற்கு முன் தராசைத் துடைத்து வைப்பது போன்ற பழக்கம் அது. தோற்ற டிங் நிருபர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, முந்தைய ஆட்டத்தில் தாம் தப்பியதை நினைத்தால் இந்த முடிவு நியாயமானதே என்றும், தமக்கு வருத்தம் இல்லை என்றும் சொன்னார். சாக்குச் சொல்லவில்லை. கணக்கில் நஷ்டம் விழுந்தால் அதை நஷ்டம் என்றே எழுதி, அடியில் கோடு போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்புகிறவர்தான் திரும்பவும் கடை திறப்பார்.

பிள்ளைகள் வீட்டில் சதுரங்கம் ஆடினால், உறுப்பினர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பக்கத்தில் உட்கார்ந்து, அந்த 54-ஆம் நகர்வின் நிலையைப் பலகையில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளை ராஜா ஜி1, யானை எஃப்4, மந்திரி ஏ8, சிப்பாய் ஜி3. கறுப்பு ராஜா இ5, யானை பி2, மந்திரி இ6, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. ஆட வேண்டியது வெள்ளை. "இதில் நீ என்ன ஆடுவாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் முன் எது மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கிற பிள்ளையிடம் கல்லாச் சாவியைத் தயங்காமல் கொடுக்கலாம்.